பத்தொம்பது தோல்வி

தலையைச் சித்த பின்னால சாச்சுக்குங்ணா. மேல பாருங்க, அந்த ஃபேனைப் பாருங்க. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது. எரியுமுங்க. ரெண்டு நிமிசம் எரியும், அப்பறம் அடங்கிரும். கண்ணை மூடிக்குங்க, நான் சொல்றவரைக்கும் தொறக்கப்படாது. பத்து நிமிசத்துக்கு ஒரு சொட்டு, மூணு தடவை உடோணும். அதுக்கப்பறந்தான் டாக்டரு உங்க கண்ணுக்குப் பின்னால நரம்பு எப்படி இருக்குதுன்னு பாப்பாரு. ஆக, அரை மணி நேரத்துக்கு நீங்களும் எங்கியும் போக முடியாது, நானும் எங்கியும் போக முடியாது.

என்ற பேரு பூபதிங்க. இந்தக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்து பதிமூணு வருசமாச்சு. கோபியில பாதிப் பேரு கண்ணுல இந்தக் கைதான் சொட்டு உட்டிருக்குது.

ஏனுங்ணா, இப்ப உங்க சட்டைப்பையில ஒரு சத்தம் கேட்டுச்சே, டொய்ங்னு. அது அந்தக் கோட்டைச் சண்டை கேம்தானுங்களே? நீங்களுமா ஆடறீங்க? ஓ, உங்க பொண்ணு ஏத்தி வெச்சதா. செரி செரி. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்துல கேட்டாலும் எந்திரிச்சு உக்காந்துருவனுங்க. ரெண்டு வருசமா ஆடறேன். எத்தனை ஆட்டமுங்கறீங்க? ரெண்டாயிரத்து நூறு. அதுல ஆயிரத்து அம்பது ஜெயிச்சிருக்கறேன். பாருங்க, கரெக்டா பாதி! ரெண்டாயிரத்து நூறு ஆட்டத்துல பாதின்னா அது தானா வருமுங்களா? வர வெக்கறானுங்கண்ணா. உள்ள உக்காந்து எவனோ வர வெக்கறான்.

உங்களுக்கு வெளையாட்டு தெரியாதுன்னா சொல்றேன், ஈசிதான். இக்கட்ட அஞ்சு பேரு, அக்கட்ட அஞ்சு பேரு. நமக்கு ஒரு கோட்டை, அவங்களுக்கு ஒரு கோட்டை. எவன் அடுத்தவன் கோட்டையை மொதல்ல ஒடைக்கறானோ அவன் ஜெயிச்சான். ஜெயிச்சாப் புள்ளி ஏறும், தோத்தா எறங்கும். பதினாலு, பதினஞ்சு, அப்படி. நம்மளை உட ஒசத்தியான ஆளை ஜெயிச்சா ஜாஸ்தி ஏறும். நம்மளை உடக் கம்மியான ஆளுகிட்டத் தோத்தா ஜாஸ்தி எறங்கும். ஆயிரத்து எறநூறு தாண்டினா வெள்ளி. ஆயிரத்தைநூறு தாண்டினா தங்கம். ஆயிரத்தெட்டு நூறு தாண்டினா வைரம். கேமுக்குள்ள இருக்கற மெசினு என்ன பண்ணுமுன்னா, உங்க புள்ளியைப் பாத்து, அதே புள்ளியில இருக்கற ஆளுகளாத் தேடிப் புடிச்சு உங்ககூடவும் உங்களுக்கு எதுத்தாப்பலயும் உக்கார வெச்சுரும். நீங்க ஜெயிக்கறதுக்குப் பாதி, தோக்கறதுக்குப் பாதி. அதுதான் அதோட ஏற்பாடு. இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க. தெரிஞ்சு என்ன பண்றது? நான் வெள்ளியை உட்டு மேல போக முடியல. ஆயிரத்தி எறநூத்தி நாப்பது. அதுல ஆணி அடிச்சு நிறுத்தி வெச்சுட்டான்.

காரணம் என்னன்னா டீமுங்க. எனக்கு வர்ற நாலு பேரு இருக்கறானுங்களே, ஐயையோ. ஒருத்தன் ஓடிப் போயி ஒத்தையா மாட்டிக்குவான். ஒருத்தன் மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு வரவே மாட்டான். இன்னொருத்தன் சும்மா நிப்பான்! கோட்டை வாசல்ல, காவலுக்கு நிக்கறவனாட்ட, அப்படியே நிப்பான். நான் கத்துவேன், "டேய், நகுருடா, எந்த ஊட்டுல சோத்துக்கில்லாம வந்து நிக்கறே"ன்னு. பூங்கொடி, என்ற பொண்டாட்டி, அடுப்படியில இருந்து சொல்லுவா, "உடுங்க, அவிய ஊட்டுல என்னமோ வேலையா இருப்பாங்க"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்! ரெண்டாயிரத்து நூறு ஆட்டமுங்ணா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு பேரு மாறிக்கிட்டே இருப்பான். அத்தனை பேருமே சரியில்ல. நான் ஒருத்தந்தான் எல்லா ஆட்டத்துலயும் இருந்தேன்.

ஏனுங்ணா சிரிக்கறீங்க? கண்ணு கூசுதா? மூடியே வெச்சுக்குங்க.

போன கார்த்திகையில இந்த மாடிப்படியில வழுக்கி உழுந்தனுங்க. வலது கட்டைவெரலு முறிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலி கூடப் பெருசாத் தெரீலீங்ணா. எனக்கு ஒரே கவலை, ரெண்டு வாரம் ஆடாம இருந்தாப் புள்ளி தானாக் கொறைய ஆரம்பிச்சுரும். ரெண்டு வருசம் பாடுபட்டுச் சேத்த வெள்ளி. அப்பத்தான் பூங்கொடிகிட்டச் சொன்னேன், "ஏ புள்ள, சாயங்காலம் பொழுதோட ஒரு ரெண்டு ஆட்டம் என்ற பேருல ஆடு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கோட்டைக்குப் பக்கத்துலயே நில்லு. புள்ளி போகாம இருந்தாச் செரி"ன்னு. அவ முன்னாலயே ரெண்டு மூணு தடவை கேட்டவதான், "எனக்குஞ் சொல்லித் தாங்களேன், ரெண்டு பேருமாச் சேந்து ஆடலாம்"னு. நான்தான், இதெல்லாம் உனக்குப் புடிபடாதுன்னு சொல்லி உட்டுட்டேன். அவ பவானி ரோட்டு நூல் மில்லுல வேலை செய்யறா. காத்தால ஷிப்ட்டு. வரிசையா மெசினு ஓடிக்கிட்டிருக்கும், நடந்துக்கிட்டே பாக்கோணும், எந்தக் கதிர்ல நூலு அந்து போகுதோ ஓடிப் போயி ஒட்டோணும். ஆயிரக்கணக்கான கதிரு. பதினஞ்சு வருசமா அதே வேலை. அவளுக்குப் போயி கேம் எப்படிப் புடிபடும்?

இருங்க, ரெண்டாஞ் சொட்டு உடறேன். மேல பாருங்க. ஆச்சு. இந்தப் பஞ்சை வெச்சுத் தொடச்சுக்குங்க, தேய்க்காதீங்க.

எங்க உட்டேன்? ஆங். நான் பின்னால உக்காந்து சொல்லுவேன், "எடது பக்கம் போ, எடது பக்கம்." அவ வலது பக்கம் போவா. போனா அங்க ஒருத்தன் தனியா மாட்டுவான், அடிச்சுப் போடுவா. நான் சொன்னதைக் கேட்டிருந்தா இன்னும் ரெண்டு பேரை அடிச்சிருக்கலாம். இருந்தாலும் ஜெயிச்சுருவோம். ஆயிரத்து முன்னூறாச்சு. ஆயிரத்து நானூறாச்சு. சில நாளு மாத்திரை போட்டுக்கிட்டு நான் தூங்கிப் போயிருவனுங்க. அன்னைக்கும் ஏறியிருக்கும். ஏன்னா மொத நாளு நான் சொன்னது அவளுக்கு மனசுலயே இருக்குமில்லீங்களா. கட்டுப் பிரிக்கற அன்னைக்கு ஆயிரத்து அறநூத்திப் பத்து. தங்கமுங்ணா! இந்த ஆஸ்பத்திரியில டாக்டர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் மைசூர்பா குடுத்தேன். டாக்டரு, "என்ன பூபதி, விசேசமா"ன்னாரு. "ஆமாங்க சார், தங்கம்"னேன். அவரு எம்பொண்டாட்டிக்கு நகை எடுத்திருக்கறேன்னு நெனச்சுட்டாரு போல, வாழ்த்துச் சொன்னாரு. நானும் அப்படியே உட்டுட்டேன்.

அடுத்த நாள்ல இருந்து என்ற கையில ஆட்டம். தோத்தேன். மறுக்கா தோத்தேன். மறுக்காவும் தோத்தேன். எதுக்க வர்றவன் எல்லாம் பேயாட்ட ஆடறான். என்ற டீம்காரனே எழுதறான், "இந்த அங்கிளை யாருடா உள்ள உட்டது?" எனக்கு வயசு நாப்பத்தொண்ணுதானுங்ணா! ஒரு மாசத்துல ஆயிரத்தி எறநூத்தி அம்பது. திரும்ப அதே வெள்ளி, அதே எடம். லீவு போட்டவனை மெசினு பழி வாங்கிருச்சுங்க. கட்டு வேற போட்டிருந்தேன், மெடிக்கல் லீவு, அதுக்குக் கூட எரக்கமில்ல.

இந்தச் சமயத்துல பூங்கொடி சொல்றா, "கை பழகிப் போச்சுங்க, நான் என்ற பேருல ஒண்ணு ஆரம்பிச்சுக்கட்டுமா?" ஆரம்பிச்சுக்க, யாரு வேண்டாங்கறா. அவ ஆரம்பிச்சாளுங்க. புதுசா வர்ற ஆளுக்கு மொத இருவது ஆட்டம் புள்ளியை அள்ளி அள்ளிக் குடுக்கும். ஏன்னா இந்தாளு யாரு எப்படின்னு அதுக்கு இன்னும் தெரியாது, தடவித் தடவிப் பாக்கும். ஆயிரத்துல ஆரம்பிச்சவ ரெண்டே மாசத்துல ஆயிரத்தெட்டு நூத்தி இருவது. வைரம். நான் நல்லாக் கவனிச்சுப் பாத்தனுங்ணா. எல்லாம் டீமு. அவளுக்கு வர்ற நாலு பேரும் அப்படி ஒரு தங்கமான ஆளுக. அவ போற பக்கமெல்லாம் பின்னாலயே போறாங்க. எனக்கு ஏன் அந்த மாதிரி வர மாட்டேங்குது?

பொறாமையா? சேச்சே. இல்லீங்ணா. செரி, உங்க கண்ணு மூடித்தான் இருக்குது, சொல்லிர்றேன். கொஞ்சம் இருந்துச்சுங்க.

ஒரு நாளு அவளே வந்து பக்கத்துல உக்காந்தா. "ஏனுங்க, இனி ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஆடலாமுங்க"ன்னா. அதுக்கு வழி இருக்குது. ஒருத்தரு இன்னொருத்தரைக் கூப்பிடலாம், ஜோடியாப் போலாம். அவ கூப்பிட்டா, நான் அமுக்கறேன். செவப்பு எழுத்துல வருது, "உங்கள் இருவருக்கும் புள்ளி வித்தியாசம் முன்னூறுக்கு மேல் உள்ளது. சேர்ந்து ஆட இயலாது." மறுக்கா அமுக்கறேன், மறுக்காவும் அதே. ஒரே ஊட்டுல, ஒரே பாயில உக்காந்திருக்கறோம். பதினாறு வருசத்துக்கு முன்னால பாரியூர்க் கோயில்ல வெச்சுத் தாலி கட்டியிருக்கறேன். சேந்து ஆட இயலாதுங்கறான்.

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சுங்க. பொய் சொல்லக் கூடாது, அழுகையே வந்துருச்சு. எந்திரிச்சுப் போயி மொகங் கழுவிட்டு வந்து, "நீ உன்ற வைரத்துக்காரங்களோட ஆடு, எனக்கு வேலை இருக்குது"ன்னு சொல்லிட்டேன். போன்ல இருந்து கேமையே அழிச்சுப் போட்டேன். மூணு நாளு அவகூடச் செரியாப் பேசல. அவ என்ன தப்புப் பண்ணுனா? ஒண்ணும் பண்ணல. அதுதானுங்க எனக்கு இன்னும் கோவம். பொழுதோட வந்து டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்துக்குவேன். எந்த நாடகம் ஓடுதுன்னு கூடத் தெரியாது. அவ சோத்தைப் போட்டு வெச்சுட்டு ஒரு தடவை மொகத்தைப் பாப்பா, போயிருவா. ஊடே வெறிச்சுனு இருந்துச்சு.

இப்பத்தானுங்ணா சங்கதியே. நாலாம் நாள்ல இருந்து அவளுக்கும் புள்ளி எறங்க ஆரம்பிச்சுது! நான் அப்பப்ப அவ போனை எடுத்துத் திருட்டுத்தனமாப் பாப்பேன். ஆயிரத்து எழுநூத்தி தொண்ணூறு. ஆயிரத்து எழுநூத்தி நாப்பது. வைரம் போயித் தங்கமாயிருச்சு. நல்லா வேணுமுன்னு நெனக்கல, சத்தியமா. கொஞ்சந்தான் நெனச்சேன். அவளுக்கு ஆட்டத்து மேலயே மனசு போயிருச்சுங்க. போனை அடுப்புத் திட்டு மேல சாச்சு வெச்சு ஆட்டத்தை ஆரம்பிச்சு உட்டுட்டு, இவ பாட்டுக்குச் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா. சும்மாவே நின்னா மெசினு வெளிய தள்ளிருமில்லீங்களா, அதனால அப்பப்ப ஈரக் கையோட ஒத்த வெரலை வெச்சு ஒரு தட்டு. மறுக்கா வெங்காயம். உள்ள கோட்டை எரியுது, இவ பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கறா. எட்டு நாளு எங்க ஊட்டுல தெனமும் வெங்காயக் கொழம்புதான்.

வரிசையாப் பத்தொம்பது ஆட்டம் தோத்தாளுங்க. பத்தொம்பது! நானே அப்படித் தோத்ததில்லீங்ணா, அந்த விசயத்துல அவளை உட நான் எவ்வளவோ தேவலாம். எனக்குப் பாவமாப் போச்சு. கோவத்தை உட்டுட்டு நானே பேசினேன். "பாத்தியா, நான் சொன்னப்ப நம்புனியா? டீம் செரியில்லீன்னா யாரா இருந்தாலும் அவ்வளவுதான்"னேன். "ஆமாங்க, டீம் செரியில்ல"ன்னா. ஒரு மொழம் பூ வாங்கிட்டுப் போயிக் குடுத்து, "மனசை உட்றாத புள்ள"ன்னு ஆறுதல் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தோளு குலுங்குச்சு. அழுகறாளாட்ட இருக்குதுன்னு நானும் முதுகைத் தடவிக் குடுத்தேன்.

பத்தொம்பதாவது தோத்ததும் கையைத் தொடச்சுட்டுப் போனை எடுத்துப் பாத்தா. ஆயிரத்து ஐநூத்தி நாப்பத்தெட்டு. ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. தோத்துட்டுச் சிரிக்கறவளை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். "ஏனுங்க, உங்க போன்ல அந்தக் கேமை மறுபடி ஏத்துங்க"ன்னா. "எதுக்கு?" "ஏத்துங்கன்னா ஏத்துங்க." ஏத்தினேன். கூப்பிட்டா. அமுக்கினேன். செவப்பு எழுத்து வரலீங்ணா! எனக்கு ஆயிரத்தி எறநூத்தி அம்பது, அவளுக்கு ஆயிரத்து ஐநூத்தி நாப்பத்தெட்டு. வித்தியாசம் எறநூத்தித் தொண்ணூத்தெட்டு. ரெண்டே ரெண்டு புள்ளியில தப்பிச்சோம். என்ன அதிர்ஷ்டம் பாருங்க.

அன்னைக்கு ஏற ஆரம்பிச்ச புள்ளி, இன்னும் எறங்கவே இல்ல. தெனமும் பொழுதோட ரெண்டு பேரும் பக்கம் பக்கமா உக்காந்து ஆடறோம். நான் சேந்ததுக்கு அப்பறம் அவ ஒரு தடவை கூட அப்படி வரிசையாத் தோக்கலீங்க. என்ற கை ராசி. இதுல இன்னொண்ணு கேளுங்க. ஒரே ஆட்டத்தை ரெண்டு பேரும் சேந்து ஜெயிக்கறோம், அவளுக்கு ஒம்போது புள்ளிதான் குடுக்குது, எனக்குப் பதினேழு! யாரு ஒழைக்கறாங்கன்னு மெசினுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்குது. நான் முன்னால போறேன், அவ பின்னாலயே வர்றா. நான் திரும்பிப் பாக்கறப்பல்லாம் என்னை அடிக்க வந்தவன் அங்க செத்துக் கெடக்கறான். இப்ப ஆயிரத்து நானூத்தி தொண்ணூறு. இன்னைக்கு ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சாத் தங்கம். இந்தத் தடவை நானா வாங்குற தங்கம்.

மூணாஞ் சொட்டு. மேல பாருங்க. அவ்வளவுதான், இனி இல்ல.

என்னங்ணா? என்ன கேட்டீங்க? வேணுமின்னே தோத்தாளான்னா?

அதெப்படீங்க? வைரமுங்ணா அது. இந்த ஊருல எத்தனை பேருகிட்ட இருக்குமுன்னு நெனக்கறீங்க? அதைப் போயி யாராச்சும் வேணுமின்னு... எதுக்குத் தோக்கோணும்? டீம் செரியில்லீன்னு அவ வாயாலயே சொன்னாளே. சும்மா ஏதாச்சும் சொல்லாதீங்க. கண்ணை மூடுங்க.

பத்தொம்பது.

ஏனுங்ணா, இருவதாவது ஆட்டம் அவ ஆடவே இல்லீங்களே. பத்தொம்பதோட நிறுத்திட்டாளே. நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துட்டா. அதுக்கு முந்தின நாளு, காலண்டர் பின்னால பென்சில்ல என்னமோ கழிச்சுப் போட்டிருந்தா. முன்னூறுன்னு ஒரு எடத்துல வட்டம் போட்டிருந்துச்சு. நான் பால் கணக்காக்கும்னு நெனச்சேன்.

அட கெரகமே.

சித்த இருங்க, ஒரு போன் பேசிக்கிறேன்.

பூங்கொடி... ஆமா, ஆஸ்பத்திரியிலதான். ஒண்ணுமில்ல புள்ள, சும்மாதான். சும்மா கூப்பிடக் கூடாதா? ஷிப்ட்டு முடிஞ்சுதா? சாப்பிட்டயா? ...செரி. ஏ புள்ள, அந்தப் பத்தொம்பது ஆட்டம்... இல்ல, ஒண்ணுமில்ல. ஊட்டுல சின்ன வெங்காயம் இருக்குதா? ...இருக்கட்டும், நீ தொடாத. நான் வந்து உரிக்கறேன். எதுக்கா? எதுக்கோ. உரிக்கோணும்னு தோணுச்சு. சிரிக்காத. எனக்கு ஜலதோசம், அதான் மூக்கை உறிஞ்சறேன். வெய்யி.

அந்தப் பஞ்சை இப்படிக் குடுங்ணா. உங்களுக்கில்ல, எனக்கு.

அவளுக்கு மனசு எப்படி வந்துச்சோ. ஏறிப் போறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சுங்க அவளுக்கு. இனிமே என்ற டீம்ல எவனாச்சும் சும்மா நின்னா நான் திட்ட மாட்டனுங்ணா. எந்த ஊட்டுல யாருக்காக நிக்கறானோ, நமக்கென்ன தெரியும்? பாவம், அவகூட ஆடுன ஆளுகளும் அன்னைக்கு என்னாட்டமே கத்தியிருப்பானுங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அவளாச்சும் ஒருத்தி நின்னா. என்ற டீம்ல ரெண்டு வருசமா நாலு பேருமே சும்மா நின்னானுங்களே, அதுக்கு என்னங்ணா சொல்றீங்க?

செரி, டாக்டரு கூப்பிடறாரு, எந்திரிங்க. என்ற கையைப் புடிச்சுக்குங்க, படி இருக்குது, பாத்து.